தலை நனையும் அளவு தண்ணீர்

கண்டக்டர் அன்று வீடு திரும்பும்போது வேறெதையும் நினைக்கவில்லை. வாளியில் வெந்நீர் பிடித்துக் கால்களை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார வேண்டும், அவ்வளவுதான். நாள் முழுக்க ஓடுகிற பேருந்தில் நின்றபடியே டிக்கெட் கொடுக்கிறவளுக்கு மாலையில் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் குளியலறைக் கதவைத் தள்ளினாள். துணி ஊறவைக்கிற பேசினுக்குள் ஆறு வாத்துக் குஞ்சுகள் நின்றுகொண்டு அவளை அண்ணாந்து பார்த்தன.

தெருவில் எல்லோரும் அவளைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். குரல் அப்படி. பேருந்தின் பின்படியில் நின்று "உள்ள போங்க" என்றால் முன்படியில் தொங்குகிறவரும் ஓரடி நகர்வார். அந்தக் குரலை வீட்டில் பெரும்பாலும் அடக்கியே வைத்திருந்தாள். அன்று அடக்கவில்லை.

"யாரு பார்த்த வேலை இது?"

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் வந்து கதவோரம் நின்றாள். பிறந்ததிலிருந்து வாலு என்ற பெயருக்குக் குறை வைக்காத பிள்ளை. "ஸ்கூல்ல குடுத்தாங்கம்மா."

"ஸ்கூல்ல புஸ்தகம் குடுப்பாங்க, மார்க் குடுப்பாங்க. வாத்து எதுக்குடி குடுக்கறாங்க?"

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அறிவியல் பாடத்துக்காக வகுப்பில் ஒரு இன்குபேட்டர் வைத்திருந்தார்களாம். முட்டைக்குச் சூடு காட்டி, விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்து, குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்ததும் கைதட்டினார்களாம். அத்தோடு பாடம் முடிந்துவிட்டது. யாருக்கு வேண்டும் என்று டீச்சர் கேட்டதும் பிள்ளைகள் ஆளுக்கொன்றாக வாங்கிக்கொண்டார்கள். பள்ளி வாசலில் காத்திருந்த பெற்றோர்கள் அங்கேயே முகத்தைச் சுளித்து, போய்த் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் திருப்பிக் கொடுக்கப் போனதையெல்லாம் வாலு வாங்கிக்கொண்டாள்.

"ஆறையுமா?"

"பாவமா இருந்துச்சு. அப்பாகிட்ட கேட்டேன். சரின்னாரு."

அப்பா முன்னறையில் ஒரு பழைய சோபாவுக்குப் புதுத் துணி போட்டுக்கொண்டிருந்தார். நாற்காலியும் சோபாவும் தைப்பதுதான் அவர் தொழில். வேலை செய்யும்போது சின்ன ஆணிகளை வாய்க்குள் அடக்கிக்கொள்வார். அந்த நேரத்தில் அவரிடம் எதைக் கேட்டாலும் தலைதான் ஆடும். வீட்டை எழுதித் தரச் சொன்னாலும் ஆடும். ஆணிகளை உள்ளங்கையில் துப்பிவிட்டு, "ஏதோ பொம்மை வாங்கிட்டு வந்திருக்கான்னு நினைச்சேன்மா" என்றார்.

அவளுக்குக் கோபம் பொங்கியது. மகள்மீதோ கணவர்மீதோ அல்ல. அவர்களை ஒரு பிடி பிடித்துவிட்டு மறந்துவிடலாம். உயிருள்ள ஒன்றை வேண்டுமென்றே பிறக்கவைத்துவிட்டு, மணி அடித்ததும் கரும்பலகையை அழிக்கிற மாதிரி கையைத் தட்டிவிட்டுப் போனவர்களை நினைத்தால்தான் ஆறவில்லை.

மறுநாள் வேலைக்குப் போகும் வழியில் குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். தலைமையாசிரியை உட்காரச் சொன்னார். மேசைமேல் கோப்பைகளும் கேடயங்களும் வரிசையாக இருந்தன. பெட்டியை அவற்றுக்கு நடுவே வைத்தாள்.

"இது குழந்தைகளுக்கு ஒரு நல்ல அனுபவம். உயிர்னா என்னன்னு தெரிஞ்சுக்கிறாங்க" என்றார் தலைமையாசிரியை, பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வைத்தபடி.

"தெரிஞ்சுக்கிட்டாங்க. இப்போ இதுங்களை என்ன செய்யறது?"

"வளர்க்க முடியலைன்னா பரவாயில்லை, விட்டுட்டுப் போங்க. முட்டை குடுத்தவர் வந்து எடுத்துக்குவார்."

"எடுத்துட்டுப் போய்?"

தலைமையாசிரியை பேனாவின் மூடியைத் திறந்தார், மூடினார். "அது அவரோட விஷயம். நாம அதுல எல்லாம் தலையிடறதில்லை." பக்கத்தில் நின்றிருந்த சயின்ஸ் டீச்சர், கல்லூரி முடித்துப் புதிதாக வேலைக்கு வந்த பெண், தரையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: "அவர் பாம்பு, உடும்பு எல்லாம் வளர்க்கிறவங்களுக்குத் தீனியா வித்துடுவார்."

கண்டக்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். "உயிர்னா என்னன்னு நல்லாவே சொல்லிக் குடுக்கறீங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

அன்று முழுவதும் பெட்டி பேருந்தில் அவள் இருக்கைக்கு அடியில் இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் கீச்கீச்சென்று சத்தம். ஒரு பெரியவர், இதுங்களுக்கெல்லாம் அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா என்று கேட்டார். வேறு நாளாக இருந்தால் அவளும் சிரித்திருப்பாள்.

சாப்பாட்டு இடைவேளையில் டிரைவர் பெட்டியைத் திறந்து பார்த்தார். வீட்டில் பல காலம் வாத்து வளர்த்தவர் அவர். ஒரு குஞ்சைக் கையில் எடுத்து அதன் கண்ணைக் காட்டினார். இமை ஓரத்தில் பீளை கட்டிக் கண் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"எதுல தண்ணி வச்சீங்க?"

"ஸ்கூல்லயே ஒரு தட்டு குடுத்தாங்கண்ணே. கோழிக்குஞ்சுக்கு வைக்கிற மாதிரி."

"இது கோழி இல்லை தங்கச்சி. மூக்கும் கண்ணும் முங்கற அளவுக்குத் தண்ணி வேணும். தலையை உள்ள விட்டுக் கழுவினாத்தான் மூக்குத் துளை அடைக்காது, கண்ணும் சுத்தமா இருக்கும். அதுக்காகப் பெரிய தொட்டியில நீந்த விட்டுடாதீங்க. தாய் வாத்து கூட இல்லை பாருங்க, இறகு நனைஞ்சு குளிர்ல விறைச்சுப் போயிடும். தலை நனையணும், உடம்பு காய்ஞ்சிருக்கணும். கொஞ்ச நாளைக்கு அப்படித்தான்."

அவள் கோபம் மறுபடி பள்ளிக்குத் திரும்பியது. ஒரு கிண்ணம் எவ்வளவு ஆழம் இருக்க வேண்டும் என்றுகூடக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பாடம் நடத்தியிருக்கிறார்கள். ஈரத் துணியால் ஒவ்வொரு குஞ்சின் கண்ணையும் துடைத்துவிட்டாள். துடைக்கத் துடைக்க அவை அவள் விரலைக் கடித்தன. வலிக்கவில்லை. "உங்களைப் பார்த்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்று அவற்றிடம் சொன்னாள். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் உயரமான ஒரு மண்சட்டி வாங்கிக்கொண்டுதான் போனாள்.

பெட்டிக்குள் பல்பு போட்டுச் சூடு காட்டி வளர்த்தார்கள். சட்டியைச் சுற்றி நனைந்த வைக்கோலை மாற்றுவதே ஒரு தனி உத்தியோகமாகிவிட்டது. வாத்து தண்ணீர் குடிப்பதில்லை, தண்ணீரோடு சண்டை போடுகிறது என்பாள் கண்டக்டர். மஞ்சள் பஞ்சு உதிர்ந்து வெள்ளை இறகு முளைத்ததும் கொல்லையில் வீடு கட்டியாக வேண்டும் என்றாயிற்று. அதைத் தான் பார்த்துக்கொள்வதாகக் கணவர் சொன்னார். ஆணி வாயில் இல்லாத நேரத்தில் சொன்னதால் அவளும் நம்பினாள்.

ஒரு வாரம் கொல்லைப்பக்கம் யாரையும் விடவில்லை. திறந்து காட்டிய அன்று தெருவே வந்து பார்த்தது. நான்கு கால்களின் மேல் உயரமாக நிற்கும் மர வீடு. ஏறுவதற்கு ஏணி. சன்னலுக்குப் பூப்போட்ட திரைச்சீலை. உள்ளே உட்கார மெத்தை தைத்த குச்சிகள். கூரையின் ஓரமெல்லாம் சோபாவுக்கு வைக்கிற பொத்தான்கள்.

"யாரு குடிவரப் போறாங்க, உங்க தங்கச்சியா?" என்றாள் கண்டக்டர்.

வாத்துகள் ஏணிக்கு அடியில் வந்து நின்று மேலே பார்த்தன. ஒன்று காலை வைத்துப் பார்த்து வழுக்கி விழுந்து நொண்டிக்கொண்டு போனது. மற்றவை அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் நிழலில் படுத்துவிட்டன. கோழிக்குத்தான் குச்சியும் ஏணியும், வாத்து தரையில் படுக்கிற பிராணி என்று டிரைவர் சொன்னதை அவள் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கணவரிடம் சொல்லியிருந்தாள். அவர் கேட்டுக்கொண்டுமிருந்தார். ஆனால் கை பழகின வேலையின் பக்கமே போய்விட்டது.

"கீழேயே சுத்திக் கம்பிவலை அடிச்சுடறேன். அதுவே வீடு மாதிரி ஆயிடும்" என்றார். கோழி வலையைச் சுற்றிவிட்டு, சோபாத் துணிக்கு அடிக்கிற ஸ்டேப்ளர் துப்பாக்கியால் பட்பட்டென்று பின் அடித்து முடித்தார்.

"இது தாங்குமா?"

"மூணு ஆள் உட்கார்ற சோபாவே தாங்குதும்மா."

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டே கொல்லைக்கு வந்தவள் வலை கிழிந்து கிடப்பதைப் பார்த்தாள். பின்கள் வரிசையாகப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தன. ஏதோ நாய் மூக்கை விட்டு இழுத்திருக்கிறது. ஐந்து வாத்துகள் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. நொண்டிய வாத்துதான் ஓட முடியாமல் அகப்பட்டிருக்கிறது. இறகுகள் சுவர்வரை சிதறிக் கிடந்தன.

வாலு எழுவதற்குள் அவள் அதை ஒரு துணியில் சுற்றி எடுத்துக் குழி தோண்டிப் புதைத்தாள். கணவர் வந்து பின்னால் நின்றார். அவர் எதிர்பார்த்த குரல் வரவில்லை. அதுதான் அவரை அதிகம் உலுக்கியது. "நான்தான் கொன்னுட்டேன்" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். "ஆனா நீங்க மட்டும் இல்லை. ஏணியில விழுந்தப்போ நானும் பார்த்துட்டுச் சிரிச்சேன். சரி, போய் அந்தப் பின்னையெல்லாம் பிடுங்குங்க. இன்னிக்கு ரெண்டு பேரும் லீவு."

மகளிடம் அவரே சொன்னார். அவள் அழுதாள், அழுதுகொண்டே மர வீட்டின் திரைச்சீலையைக் கழற்றிக் கொடுத்தாள்.

மேல்மாடி வீடு கீழே இறங்கியது. கால்களை அறுத்தார்கள். செங்கல் பரப்பி அதன்மேல் வீட்டைத் தரையோடு உட்காரவைத்தார்கள். ஏணி இருந்த இடத்தில் இரண்டு வாத்து ஒன்றாக நுழைகிற அளவுக்கு அகலமான, தாழ்ந்த வாசல். குச்சிகளை எடுத்துவிட்டுத் தரை முழுக்க வைக்கோல். காற்றுப் போக, கூரைக்குக் கீழே உயரத்தில் திறப்புகள், அவற்றுக்கும் தடித்த கம்பிவலை. சுற்றிலும் கோழி வலைக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகப் பற்றவைத்த கம்பிவலை. ஸ்டேப்ளர் பின்னுக்குப் பதிலாக வாஷர் போட்ட திருகாணி. அடியில் தோண்டிக்கொண்டு எதுவும் வராமலிருக்க வலையை வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைத்தார்கள். கொக்கியை அவளே பத்துத் தடவை இழுத்துப் பார்த்தாள்.

தண்ணீர்தான் பெரிய வேலையாக இருந்தது. உறவுக்காரர் ஒருவர் வீட்டை இடித்தபோது மூலையில் போட்டிருந்த குளியல் தொட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். அதைப் பாதி மண்ணில் இறக்கி, அடியில் இருந்த துளைக்குக் குழாய் மாட்டி, செடிகள் இருக்கும் பக்கமாகத் தண்ணீர் ஓடும்படி சரிவு வைத்தார்கள். வாத்துகள் ஏறி இறங்க உள்ளேயும் வெளியேயும் செங்கல் படி. சுற்றிலும் சேறாகாமல் சரளைக்கல். அடைப்பானைப் பிடுங்கினால் பச்சையாகி நாறும் தண்ணீர் செடிகளுக்குப் போய்விடும். புதிதாக நிரப்பினால் மாலைக்குள் மறுபடி கஞ்சி மாதிரி ஆகிவிடும்.

முதல் தடவை தொட்டியில் இறங்கியபோது ஐந்தும் தலையைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டுத் தூக்கி, முதுகில் வாரி ஊற்றிக்கொண்டன. இறக்கையை அடித்ததில் கண்டக்டர் இடுப்புவரை நனைந்தாள். கணவர் சரளைமேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். வாலு வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

எல்லாம் ஓர் ஒழுங்குக்கு வந்த பிறகுதான் தலைமையாசிரியை தொலைபேசியில் கூப்பிட்டார். பள்ளிக்குப் பெரிய அதிகாரிகள் வருகிறார்கள், பெற்றோர்களும் வருகிறார்கள், கண்காட்சி வைக்கிறோம். நீங்கள் வாத்துகளை நன்றாக வளர்த்திருப்பதாக டீச்சர் சொன்னாள். அவற்றைக் கொண்டுவந்து வைத்தால் நம் மாணவர்கள் பொரிக்கவைத்து வளர்த்தது என்று காட்டலாம். "உங்க பொண்ணுக்கும் பெருமைதானே" என்றார் கடைசியில்.

"எந்தத் தண்ணியில வைப்பீங்க?"

"ஒரு அழகான கண்ணாடித் தட்டு வச்சிருக்கோம்."

கண்டக்டர் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.

கண்காட்சிக்கு வாத்து இல்லாமல்தான் போனாள். கூடத்தில் கூட்டம். ஓரத்து மேசையில் அதே இன்குபேட்டர், உள்ளே புதிய முட்டைகள். பக்கத்தில் வண்ண எழுத்தில் 'உயிரின் அதிசயம்' என்று ஒரு அட்டை. அவள் இன்குபேட்டரின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். சூடாக இருந்தது. இவையும் சில நாளில் ஓட்டை உடைத்துக்கொண்டு வரப்போகின்றன.

தலைமையாசிரியை விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை கண்டக்டர் காத்திருந்தாள். பிறகு பேருந்தின் பின்படியில் நிற்கிற குரலில் கேட்டாள்.

"இந்த முட்டையில இருந்து வர்ற குஞ்சுங்களை யாரு எடுத்துக்கப் போறீங்க? கையைத் தூக்குங்க, பார்த்துக்கறேன்."

பிள்ளைகள் எல்லோரும் கை தூக்கினார்கள். அவர்கள் பக்கத்தில் நின்ற பெரியவர்கள் அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினார்கள்.

"போன தடவையும் இப்படித்தான். என் பொண்ணு ஆறு தூக்கிட்டு வந்தா. கண்ணு ஒட்டிப்போய் வந்துச்சு. தெரியாத்தனத்துல ஒண்ணை நாங்களே சாகவிட்டோம். அந்தப் பாவம் எங்க மேல இருக்கட்டும், நாங்க மறுக்கலை. ஆனா இதைப் பாடம்னு சொல்றீங்களே, எது பாடம்? பொறக்கறதைக் கைதட்டிப் பார்த்துட்டு, அப்புறம் பாம்புக்குப் போட ஆள் வர்றதா?"

"இதைப் பேச இது இடமில்லை" என்றார் தலைமையாசிரியை. முகம் சிவந்திருந்தது.

"வேற எது மேடம் இடம்? உங்க ரூம்ல பேசினேன். பெட்டியைத் தள்ளி வச்சீங்க."

அப்போது சயின்ஸ் டீச்சர் முன்னால் வந்தாள். "கூண்டும் தண்ணித் தொட்டியும் வேணும்னு நான் ரெண்டு தடவை கேட்டேன் மேடம். பொரிச்ச பிறகு பார்த்துக்கலாம்னு சொன்னீங்க. அப்படியே விட்டது என் தப்பும்தான். இந்த முட்டையை நான் வச்சிருக்கக் கூடாது." விருந்தாளிகளில் ஒரு அம்மாள் இன்குபேட்டரையும் தலைமையாசிரியையையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ இதுங்க எங்கே இருக்கப் போகுது?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். பதில் சொல்லாமல் இருக்க வழியில்லை.

"சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால இடம் இருக்கு" என்றார் தலைமையாசிரியை, பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்து வந்த விடுமுறை நாட்களில் அங்கே வேலை நடந்தது. கணவர் ஸ்டேப்ளர் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டுத் திருகாணி டப்பாவோடு வந்தார். டிரைவர் குழாய் போடுகிற சரிவைப் பார்த்துச் சொன்னார். அன்று கைகளை இறக்கிய பெற்றோர்களில் நாலைந்து பேர் தாமாகவே மண்வெட்டியோடு வந்து, கண்டக்டரின் முகத்தைப் பார்க்காமல் குழி தோண்டினார்கள். அவளும் அவர்களை எதுவும் சொல்லவில்லை. குஞ்சுகள் பொரிந்து, பெட்டியில் வளர்ந்து, இறகு முளைத்து அந்த வீட்டுக்குக் குடிபோயின. வகுப்புக்கு வகுப்பு முறைபோட்டுத் தண்ணீர் மாற்றினார்கள்.

திறப்புவிழாவில் தலைமையாசிரியை தொட்டியருகே நின்று படம் எடுத்துக்கொண்டார். தன் நெடுநாள் கனவு என்று பேசினார். கண்டக்டருக்குக் கோபம் மூக்குநுனிவரை வந்துவிட்டது. கணவர் அவள் முழங்கையை மெல்லப் பிடித்தார். "விடும்மா. வாத்துக்கு வீடு கிடைச்சுதா இல்லையா?"

"கிடைச்சுது. அதுக்காக எனக்குக் கோபம் வரக்கூடாதா?"

"வரட்டும். வீட்டுக்குப் போய் வரட்டும்."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் வந்தது.

இந்த முறையோடு சரி, இனிமேல் இன்குபேட்டர் வைக்கப்போவதில்லை, பராமரிப்பது மிகவும் சிரமமாக இருக்கிறது என்று சில வாரம் கழித்துப் பள்ளியில் அறிவித்தார்கள். "முதல்லயே யோசிச்சிருந்தா இதைத்தானே முடிவு பண்ணியிருப்பாங்க" என்று அவள் ராத்திரிச் சாப்பாட்டில் பொரிந்து தள்ளினாள்.

நீண்ட விடுமுறை தொடங்குவதற்கு முதல்நாள் தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டார். காவலாளி ஊருக்குப் போகிறார், டீச்சரும் போகிறாள். பள்ளி வாத்துகளைக் கொஞ்ச நாளைக்கு உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்றார். குரலில் சர்க்கரை போட்டிருந்தது.

"எங்க வீட்டு வாத்துங்க புதுசா வர்றதைக் கொத்தி விரட்டும் மேடம். அதுங்களுக்குப் பழகின இடத்துல இருக்கறதுதான் நல்லது. தினமும் தண்ணி மாத்தணும், சாயங்காலம் உள்ள விட்டுக் கொக்கி போடணும், அவ்வளவுதான். எப்படின்னு என் பொண்ணு சொல்லிக் குடுப்பா."

மறுமுனையிலிருந்து "சரி" என்று மட்டும் வந்தது.

விடுமுறை நடுவில் ஒருநாள் காலை, பேருந்து பள்ளி நிறுத்தத்தில் நின்றபோது டிரைவர் தலையைத் திருப்பாமலே, "தங்கச்சி, இடது பக்கம் பாருங்க" என்றார். சைக்கிள் ஷெட்டுக்குப் பின்னால் தலைமையாசிரியை உடையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, தொட்டிக்குள் குனிந்து, அடைப்பானைப் பிடுங்க முடியாமல் இழுத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் வாத்துகள் நின்று அவசரப்படுத்தின. திடீரென்று அடைப்பான் கையோடு வந்துவிட, அவர் சரளைமேல் பொத்தென்று உட்கார்ந்தார். ஒரு வாத்து வந்து அவர் கையில் இருந்த அடைப்பானைக் கொத்திப் பார்த்தது. அவர் அதை விரட்டவில்லை.

"வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்கட்டுமா? போய் உதவறீங்களா?"

கண்டக்டர் யோசித்தாள். பின்படியில் இருவர் ஏறினார்கள். "வேண்டாம்ணே" என்றாள். "அவங்களே நிரப்பட்டும். நாளைக்கும் இதே நேரத்துக்குத்தானே வருவோம், தண்ணி இருக்கான்னு பார்த்துக்கலாம்." அவர்களுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு விசிலை ஊதினாள்.